டீப்பாயில் இறுகிய ரெசின்: ஒரே கசிவு, மூன்று கண்ணாடி

கல்யாண மாலையை எபாக்ஸி ரெசின் என்ற, இறுகினால் கல்லாகும் தெளிந்த திரவத்தில் பதித்து ஃபிரேம் போட்டுக் கொடுப்பது இப்போது கோவை, திருப்பூர் பக்கம் பல வீடுகளில் சிறு தொழிலாகவே நடக்கிறது. பூவைக் காயவைத்து மோல்டில் அடுக்கி, ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்து ஊற்றி, ஒரு நாள் அசைக்காமல் விடவேண்டும். பெரும்பாலும் வீட்டு ஹாலில்தான் வேலை நடக்கும். மோல்டை வைப்பது கண்ணாடி டீப்பாய் மேல், ஏனென்றால் வீட்டிலேயே மட்டமான பரப்பு அதுதான். மோல்டின் ஓரத்தில் ஒட்டிய டேப் ராத்திரியில் விட்டுக்கொண்டால், காலையில் டீப்பாயின் மேல் தெளிந்த தண்ணீர் தேங்கியதுபோல ஒன்று பரவியிருக்கும். தொட்டால் கல்.

கண்ணாடி வெட்டிப் பொருத்தும் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட கேஸ் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் இங்கே முழுசாக எழுதுகிறேன். அந்த ஒரே கசிவில் மூன்று வகைக் கண்ணாடி மாட்டிக்கொண்டது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் செய்திருந்தால் ஒன்றாவது கையை விட்டுப் போயிருக்கும்.

முதலாவது டீப்பாய்க் கண்ணாடி. 4 அடிக்கு 2 அடி, 10 மி.மீ. தடிமன், டஃபன்டு (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கிய கண்ணாடி). ஓரம் சுற்றிலும் இரண்டு அங்குல அகலத்துக்கு சாண்ட் பிளாஸ்ட் செய்து, அதாவது மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, பால்வெள்ளைப் பட்டை போட்டிருந்தார்கள். ரெசின் நடுவில் மெல்லிய தகடாகவும், மோல்டு மூலை இருந்த இடத்தில் விரல் தடிமனுக்குக் கட்டியாகவும் இறுகியிருந்தது. பட்டையின் ஒரு பக்கத்தையும் நனைத்திருந்தது. இரண்டாவது, டீப்பாயில் சாய்த்து வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி. ஓரம் வழியாக வழிந்த ரெசின் அதன் முகத்தில் சொட்டுச் சொட்டாக நின்றது. ஒரு சொட்டு விளிம்பைத் தாண்டிப் பின்பக்கமும் போயிருந்தது. மூன்றாவது, டீப்பாய் மேலேயே நின்ற ஒரு போட்டோ ஃபிரேம். அந்த வீட்டுப் பெண்ணின் தாத்தா, பாட்டி கல்யாணப் படம், கறுப்பு வெள்ளை. ஃபிரேமின் அடிக்கட்டையோடு கண்ணாடியின் கீழ் மூலையும் ரெசினில் மாட்டியிருந்தது.

போனில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, தின்னர் வாங்கி வெச்சிருக்கேன். ஊத்தி ஊற விட்டுரட்டுங்களா?”

“இப்ப ஒண்ணும் ஊத்தாதீங்கம்மா. அப்படியே இருக்கட்டும், நான் வந்து பாத்துக்கறேன்.”

பக்கத்திலிருந்த அவர் மாமா உளி வைத்து ஒரு தட்டுத் தட்டினால் பெயர்ந்துவிடும் என்று சொன்னதும் போனில் கேட்டது. அதையும் வேண்டாம் என்றேன். தின்னரும் உளியும்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இரண்டும் ஏன் ஆகாது என்பதில்தான் இந்த வேலையின் சூட்சுமமே இருக்கிறது.

கரையாது, ஆனால் பிரியும்

இறுகிய எபாக்ஸி ரெசின் கரையாது. கலக்கும்போது இரண்டு திரவங்களும் வினைபுரிந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொள்கின்றன. அதற்கப்புறம் அதை உருக்கித் திரும்பத் திரவமாக்க முடியாது. தின்னர் மேல்பரப்பை மங்கலாக்கும், அவ்வளவுதான். அசிட்டோன் கொஞ்சம் உள்ளே போய் ரெசினை உப்பவைக்கும், விளிம்பை இளக்கும். ஒரு லிட்டர் ஊற்றி ஊறவைத்தாலும் கட்டி கரைந்து ஓடாது. ஓடுவது அசிட்டோன்தான். அது கண்ணாடியின் பின்பக்க வெள்ளிப் பூச்சுக்கும் ஃபிரேமுக்குள்ளும் போய்ச் சேரும்.

ஆகவே ரெசினோடு சண்டை போடக்கூடாது. ரெசினும் கண்ணாடியும் சந்திக்கும் அந்த ஒரு கோட்டைப் பிரித்தால் போதும். அங்கே இரண்டு பலவீனங்கள் இருக்கின்றன.

ஒன்று, தண்ணீர். கண்ணாடியின் பரப்பு வழவழப்பானது, ரெசின் பல் பதிக்க அதில் பள்ளம் மேடு கிடையாது. பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஏற்படும் பிணைப்பில்தான் ரெசின் முக்கியமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கும் அதே இடம் பிடிக்கும். நேரம் கொடுத்தால் தண்ணீர் ஓரத்திலிருந்து மெல்ல நுழைந்து ரெசினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஃபைபர் கிளாஸ் தயாரிப்பவர்கள் கண்ணாடி இழையின்மேல் சிலேன் என்ற வேதிப்பொருளைப் பூசுவது இந்தப் பிரிவைத் தடுக்கத்தான். வீட்டு டீப்பாயில் சிலேன் பூச யாரும் இல்லை, நமக்கு அது நல்லதாகப் போயிற்று.

இன்னொன்று, வெப்பம். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் ரெசின்கள் பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியஸிலேயே விறைப்பை இழந்து தோல்போல வளையத் தொடங்கும். போதாததற்கு, சூட்டில் எபாக்ஸி விரிவது கண்ணாடியைவிட ஐந்தாறு மடங்கு அதிகம். சூடேறும்போதும் ஆறும்போதும் இரண்டும் ஒரே அளவில் நகராததால் ஒட்டிய கோட்டில் இழுபறி நடக்கும். ஓரம் தானாகவே விட்டுக்கொடுக்கும்.

இந்த இழுபறிக்கு மறுபக்கமும் உண்டு. பிடிப்பு நன்றாக இருந்து ரெசினும் கனமாக இருந்தால், பிரிவதற்குப் பதில் கண்ணாடியையே சில்லுச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். அலங்காரக் கண்ணாடித் தொழிலில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். மணல் வீசிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில் விலங்குப் பசையைத் தடவிக் காயவிடுவார்கள். பசை காய்ந்து சுருங்கும்போது கண்ணாடியின் தோலை உரித்தெடுத்து, பெரணி இலை போன்ற கோலத்தை விட்டுச்செல்லும். அப்படிப்பட்ட கண்ணாடியை ஒருமுறை கையில் தடவிப் பார்த்தவர்கள், இறுகிய ரெசின் கட்டியைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்க யோசிப்பார்கள்.

எந்தக் கண்ணாடி என்று தெரியாமல் தொடக்கூடாது

டீப்பாய் டஃபன்டு என்பதை மூலையில் இருந்த முத்திரை சொன்னது. நம் நாட்டில் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர எண் ஐ.எஸ். 2553. முத்திரை இல்லாவிட்டால் போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து அதன் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பார்க்கலாம். டஃபன்டாக இருந்தால் திட்டுத் திட்டாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரியும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்தபோது உள்ளே பூட்டப்பட்ட விசை அது. அந்த விசையால்தான் டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு சூட்டு வேறுபாட்டைத் தாங்குகிறது. அதே விசையால்தான், விளிம்பில் உளி பட்டால் ஒரு விரிசலோடு நிற்காமல் மொத்தமும் பொரிந்து கொட்டுகிறது. மாமா சொன்ன தட்டு விழுந்திருந்தால் அன்றைக்கே புது டீப்பாய்க்கு அளவெடுத்திருக்க வேண்டியதுதான்.

முகம் பார்க்கும் கண்ணாடியும் ஃபிரேம் கண்ணாடியும் டஃபன்டு இல்லை. சாதாரணக் கண்ணாடியில் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தாலே ஆபத்துதான். நடுவில் சூடு ஏறி ஓரம் குளிர்ந்தே இருந்தால் ஓரத்தில் இழுவிசை உண்டாகும். அங்கே வெட்டும்போது விழுந்த சிறு நெருடல் ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்து ஓடும்.

டஃபன்டில் இன்னொரு சோதனையும் செய்ய வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். சூளையில் போகும்போது சில கண்ணாடிகளின் பரப்பில், பெரும்பாலும் உருளையில் பட்ட பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பிளேடு ஓட்டினால் துகள் பிய்ந்து பிளேடுக்கு அடியில் மாட்டி, போகிற வழியெல்லாம் கீறிக்கொண்டே போகும். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ரெசின் இல்லாத இடத்தில் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். மேல்பக்கம் பெரும்பகுதி வழவழப்பு. ஒரு நீளவாட்டு ஓரத்தில் மட்டும் நைஸ் உப்புத்தாளைத் தொட்டதுபோல நெருடியது. அந்த ஓரத்துக்கு இரும்பு பிளேடு கிடையாது, பிளாஸ்டிக் மட்டும்தான் என்று அங்கேயே மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன்.

டீப்பாய்

கட்டியாக இருந்த மூலையை முதலில் தொடவில்லை. மெல்லிய தகட்டில்தான் ஆரம்பித்தேன். பழைய பருத்தி வேட்டித் துணியைக் கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, ரெசினின் விளிம்பைச் சுற்றிலும் படியும்படி போர்த்தினேன். காயாமல் இருக்க மேலே பாலிதீன் ஷீட். தண்ணீர் நுழைவது விளிம்பு வழியாகத்தான், ஆகவே நடுவைவிட விளிம்புதான் முக்கியம். இரவு முழுக்க அப்படியே விட்டாயிற்று. இடையில் துணி ஆறிப்போனால் மறுபடி சூடாக நனைத்துப் போடவேண்டும்.

வேலை நடக்கிறதா என்பதை மேலிருந்து பார்த்தால் தெரியாது. டீப்பாய்க்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். ரெசின் இன்னும் பிடித்திருக்கும் இடம் கண்ணாடியோடு ஒன்றாகி, அங்கே எதுவுமே இல்லாததுபோலத் தெளிவாகத் தெரியும். பிரிந்த இடம் வெள்ளியாக மினுங்கும், சில இடத்தில் வானவில் நிறக் கோடுகள் ஓடும். காலையில் விளிம்பைச் சுற்றி அந்த வெள்ளிக் கரை உள்நோக்கி நகர்ந்திருந்தது, ஓரிரு இடங்களில் விரல் அகலத்துக்கு. அந்தக் கரை நகர்ந்த தூரத்துக்கு மட்டும்தான் கை வைக்கலாம். அதைத் தாண்டிக் கெம்பினால் பெயர்வது ரெசினா கண்ணாடியா என்று சொல்ல முடியாது.

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே தகட்டைச் சூடாக்கினேன். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் வேண்டாம், அதன் காற்று சில நூறு டிகிரிக்குப் போகும். ரெசினில் நகத்தை அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு அது இளகியதும், பிளாஸ்டிக் பட்டித் தகட்டை வெள்ளிக் கரைக்குள் படுக்கையாக நுழைத்துத் தள்ளினால் தகடு நாக்குபோல வளைந்து எழும். எழுந்த பகுதியைப் பிடித்து மேலே இழுக்காமல், கண்ணாடியை ஒட்டியே பின்னோக்கி மடக்கி உரிக்கவேண்டும். விசை முழுவதும் பிரியும் கோட்டில் மட்டும் விழும். நின்றுவிட்டால் திரும்பச் சூடு, இல்லாவிட்டால் திரும்ப ஈரத்துணி.

மூலையிலிருந்த கட்டிக்கு இந்த முறை மட்டும் போதவில்லை. கனமாக இருப்பதால் மேலே காட்டும் சூடு அடிவரை போகாது. அங்கே கண்ணாடியின் அடிப்பக்கத்திலிருந்து டிரையர் காட்டினேன். கண்ணாடி வழியாகச் சூடு நேராக ஒட்டிய கோட்டுக்கே போகிறது, கட்டியின் மேல்பகுதி விறைப்பாகவே இருப்பதால் பிடித்துத் திருக வசதி. டஃபன்டு என்பதால்தான் இதற்குத் துணிந்தேன். ஐஸ் வைத்தால் பட்டென்று விடும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். சின்னக் கண்ணாடிக் குப்பி, டம்ளர் போன்றவற்றைப் பொறுமையாகக் குளிரவைத்தால் ரெசின் விட்டுக்கொள்வது உண்மைதான். ஆனால் சூடான கண்ணாடியில் ஐஸ் வைப்பது எந்தக் கண்ணாடிக்கும் நல்லதில்லை.

இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதைப் பார்த்துச் சிலர் சலித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது போர்ட்லேண்ட் குடுவையின் கதை. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள, ரோமானியர் காலத்து நீலக் கண்ணாடிக் குடுவை அது. 1845-ல் ஒருவர் அதைப் போட்டு உடைத்தார். ஒட்டினார்கள். 1940-களின் இறுதியில் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். அந்தப் பசையும் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கியதும் 1988, 89-ல் நைஜல் வில்லியம்ஸ், சாண்ட்ரா ஸ்மித் என்ற இரு பழம்பொருள் பாதுகாப்பு நிபுணர்கள் அதைத் திரும்பப் பிரித்தார்கள். உள்ளேயும் வெளியேயும் மையொற்றும் தாளைச் சுற்றி, மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் வைத்து, கரைப்பான் செலுத்தி, மூன்று நாள் விட்டார்கள். குடுவை 189 துண்டுகளாகத் தானே பிரிந்தது. அந்தப் பசை வேறு, நம் ரெசின் வேறு. விலைமதிக்க முடியாத கண்ணாடி முன்னால் இருக்கும்போது கை வலுவை நம்பாமல் ஈரத்தையும் நேரத்தையும் நம்பினார்கள் என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. அப்புறம் அவர்கள் குடுவையைத் திரும்பச் சேர்க்கத் தேர்ந்தெடுத்தது, எளிதில் மஞ்சளாகாத ஓர் எபாக்ஸி ரெசின்.

தகடும் கட்டியும் போனபின் மிஞ்சியது விரலில் மட்டும் உணரக்கூடிய மெல்லிய படலம். இதற்குத்தான் பிளேடு. புது பிளேடு, கைப்பிடி உள்ள ஸ்கிரேப்பர், கண்ணாடி முழுக்கச் சோப்புத் தண்ணீர். 30 முதல் 45 டிகிரி சாய்வில் முன்னோக்கி மட்டும் தள்ளவேண்டும். பின்னால் இழுக்கும்போது பிளேடைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடியில் மாட்டிய தூசி கீறும். முனை கொஞ்சம் மழுங்கினாலும் மாற்றிவிட வேண்டும். ஐந்து ரூபாய் பிளேடுக்குக் கணக்குப் பார்த்துக் கண்ணாடியைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் கோடு போட்டிருந்த நெருடலான ஓரத்தில் பிளாஸ்டிக் தகடு, கடைசியாக அசிட்டோன் தொட்ட வெள்ளைத் துணி. அதில் படலம் மங்கலாகி உருண்டு வந்தது.

அசிட்டோனை இங்கேதான் முதல்முதலாகத் திறந்தேன். திறப்பதற்கு முன் சாமி விளக்கை அணைக்கச் சொன்னேன், அடுப்பையும். அது மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் திரவம். ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு ஊர்ந்து போகும், அடுத்த அறையில் ஏற்றிய சாம்பிராணிகூட அதற்குப் போதும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஹேர் டிரையர் பிளக் பிடுங்கியிருக்க வேண்டும். சூடும் அசிட்டோனும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருக்கவே கூடாது. சாதாரண நீல நைட்ரைல் கையுறை அசிட்டோனுக்குச் சில நிமிடம்தான் தாங்கும், பியூட்டைல் ரப்பர்தான் சரியானது.

கடைகளில் கிடைக்கும் சில பெயின்ட் ரிமூவர்களில் டைகுளோரோமீத்தேன் இருக்கும். அது எபாக்ஸியை நன்றாகவே உப்பவைத்துப் பிரிக்கும், மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்குள் போனால் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது, மூடிய இடத்தில் ஆளையே கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 2019-லேயே வீட்டு உபயோகத்துக்கான பெயின்ட் ரிமூவர்களில் அதை விற்கத் தடை வந்துவிட்டது. ஒரு டீப்பாய்க்காக அதை ஹாலுக்குள் கொண்டுவருவது எனக்குச் சம்மதமில்லை. கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலக் கலவையைச் சிலர் சிபாரிசு செய்வதும் காதில் விழுகிறது. அது தோலில் பட்டால் உடனே வலிக்காமலேயே ஆழமாக இறங்கி எலும்புவரை போகும். கண்ணாடியையும் மங்கலாக்கிவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

முகம் பார்க்கும் கண்ணாடி

முகத்திலிருந்த சொட்டுகள் சுலபமாக வந்துவிட்டன. சின்னச் சொட்டுக்குப் பரப்பு குறைவு, சுற்றிலும் விளிம்புதான், ஆகவே ஈரம் சீக்கிரம் நுழைகிறது. நனைத்த பஞ்சை ஒவ்வொரு சொட்டின் மேலும் வைத்து, அப்புறம் புது பிளேடால் ஓரத்தைத் தொட்டதும் பொட்டுபோல எகிறி வந்தது. கண்ணாடியைப் படுக்கப் போட்டு, தண்ணீர் ஓரத்துக்கு ஓடாதபடி பஞ்சை ஒட்டப் பிழிந்துதான் வைத்தேன். விளிம்பு வழியாகத் தண்ணீர் பின்னால் இறங்கினால் வெள்ளிப் பூச்சு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வரும்.

பின்பக்கம் போன அந்த ஒரு சொட்டை எடுக்கவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்னால் மெல்லிய வெள்ளிப் படலம், அதைக் காக்கும் பெயின்ட் என்று அடுக்காக இருக்கும். ரெசின் பிடித்திருப்பது கண்ணாடியை அல்ல, அந்தப் பெயின்டை. எடுத்தால் வெள்ளியோடுதான் வரும், அசிட்டோன் போட்டால் பெயின்ட் கரையும். விளிம்புக்கு வெளியே நீட்டியதை மட்டும் பிளேடால் சீவிவிட்டு, பின்னால் இருந்ததை அப்படியே விட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் அது சமாதானமாகவே இல்லை. முன்னால் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது என்பதைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

போட்டோ ஃபிரேம்

இதில்தான் அதிகம் யோசித்தேன். பின்பலகையைத் திறந்து பார்த்தால், படத்தின் ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அது ரெசினால் ஒட்டியதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பரப்பு ஜெலட்டின். பல மழைக்காலங்களின் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பழைய வீடுகளில் கண்ணாடியை ஒட்டி ஃபிரேம் போட்ட படங்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

டீப்பாயில் வெற்றி தந்த ஈரத்துணி இங்கே கூடாது. ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஜெலட்டின் ஊறி உப்பும், படம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சூடும் கூடாது. அசிட்டோன் மரத்தின் பாலிஷைக் கரைத்து அந்தக் கறையைப் படத்துக்குக் கொண்டுபோகும். ஆக, இருந்த மூன்று கருவியும் இல்லை என்றாயிற்று. முதலில் படத்தைக் கண்ணாடிக்கு மேலிருந்தே, பிரதிபலிப்பு விழாதபடி இரண்டு பக்கமும் வெளிச்சம் வைத்து, நல்ல கேமராவில் படமெடுக்க வைத்தேன். இனி எது நடந்தாலும் முகங்கள் தப்பித்தன. அப்புறம் அடிக்கட்டையிலிருந்து ரெசினை உலர்ந்த நிலையிலேயே நுண்பல் ரம்பத்தால் அறுத்து ஃபிரேமை டீப்பாயிலிருந்து விடுவித்தேன். அறுக்கும்போது என்-95 முகக்கவசம் போட்டிருந்தேன். முழுசாக இறுகாத எபாக்ஸித் தூசியால் சிலருக்கு ஒவ்வாமை வரும், ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க விடாது.

கண்ணாடியின் மூலையில் இருந்த ரெசினைத் தொடவில்லை. அது படத்தின் மேல் இல்லை, வெள்ளை மார்ஜினுக்கு வெளியே மரச்சட்டத்தை ஒட்டி இருக்கிறது. “அதையும் எடுத்துருங்கண்ணா, பாக்க ஒரு மாதிரியா இருக்கு” என்றார். “அது இருந்தா பாட்டிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. எடுக்கப்போய்க் கண்ணாடி விட்டுச்சுன்னா படத்தோட சேந்து விடும்” என்றேன். சட்டத்துக்கு உட்பக்கம் மெல்லிய மரப் பட்டை ஒன்றைப் பொருத்தி மூலையை மறைத்துக் கொடுத்தோம். படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டுமானால் அது புகைப்படப் பாதுகாப்பு தெரிந்தவர்களின் வேலை, கண்ணாடிக்காரன் வேலை இல்லை.

பால்வெள்ளைப் பட்டை

டீப்பாயில் முழுசாக வராத இடம் ஒன்று உண்டு, அந்த சாண்ட் பிளாஸ்ட் பட்டை. வழவழப்பான கண்ணாடியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ். மணல் வீசியதால் பரப்பு முழுக்க நுண்ணிய குழிகள், ரெசின் ஒவ்வொரு குழியிலும் இறங்கிப் பல் பதித்திருந்தது. கண்ணாடியும் ரெசினும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைப்பதால், ரெசின் நிரம்பிய இடம் வெள்ளையை இழந்து எண்ணெய் பட்ட காகிதம்போலத் தெளிந்துவிடும். மேலே நின்ற தகடு உரிந்து வந்தது. குழிக்குள் இருந்தது வரவில்லை. அசிட்டோன் நனைத்த துணியைப் பாலிதீனால் மூடி வைத்து, அப்புறம் நைலான் பிரஷால் தேய்த்ததில் கொஞ்சம் வெள்ளை திரும்பியது. ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான திட்டு மிஞ்சிவிட்டது.

அந்த இடத்தில் மறுபடி மணல் வீசலாமே என்று கேட்டார்கள். டஃபன்டு செய்தபின் மணல் வீசுவது அதன் அழுத்தத் தோலைத் தின்னும், மிக லேசாகச் செய்தாலொழிய உடையும் பயம் இருக்கிறது. ரெசின் வேறு வெயிலில் நாளாக ஆக மஞ்சளாகும், இன்று கண்ணாடிபோலத் தெரியும் திட்டு பின்னால் கறையாகத் தெரியும். நான் சொன்ன வழி, பட்டை முழுக்க ஒரே அகலத்துக்குப் பால்வெள்ளை ஸ்டிக்கர் ஃபிலிமை அடிப்பக்கத்திலிருந்து ஒட்டிவிடுவது. கண்ணாடியைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும். 10 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ, இந்த அளவுக்கு 18 கிலோவுக்கு மேலேயே வரும். ஃபிலிம் ஒட்டியாயிற்று. இப்போது அந்தப் பெண்ணின் கல்யாண மாலை வேலையெல்லாம் அதே டீப்பாயில்தான், ஆனால் மோல்டுக்கு அடியில் கெட்டியான பாலிதீன் ஷீட் விரித்து, அதன் நான்கு ஓரத்தையும் மேலே மடித்து வைத்துக்கொள்கிறார். பாலிதீனில் எபாக்ஸி ஒட்டாது, கசிந்தாலும் காலையில் தோல்போல உரித்துப் போட்டுவிடலாம்.